வெறுங்கை என்னும் பாவனை

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் பத்து நாள் சிலம்பப் பயிற்சி. வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல் செல்பேசியில் வந்திருந்தது. தொளதொளப்பான பருத்திக் கால்சட்டை இரண்டு, பனியன் மூன்று, துண்டு, போர்வை, டார்ச் லைட், கொசுவத்தி, நல்லெண்ணெய் ஒரு பாட்டில், சுளுக்குக்குச் சுற்றும் துணிப்பட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், சொந்தத் தட்டு, சொந்த டம்ளர், அவரவர் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. ஆகப் பன்னிரண்டு உருப்படிகள்.

நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது இதை விளையாட்டாகப் படித்துக் காட்டினேன். கவிதை எழுதும் சிநேகிதர் ஒருவர் உடனே சொன்னார்: "கத்துக்கப் போறவனுக்கு மூட்டை எதுக்குங்க? வெறுங்கையோட போங்க. காலிப் பாத்திரத்துலதான எதையும் ஊத்த முடியும்?" சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட 'அப்படியா' என்று கேட்கவில்லை. இந்த ஏகமனதான தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. ஒரு அபிப்ராயத்தை யாரும் பரிசீலிக்காமல் ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், அது அவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் சௌகரியமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சூன்யம், வெறுமை, காலி என்ற சொற்களின்மேல் நம் சிறு பத்திரிகை வட்டத்துக்கு வெகுகாலமாகவே ஒரு மோகம். ஜென் கதைகள் ஆங்கில மலிவுப் பதிப்புகள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன. பேராசிரியர் வருகிறார், குரு தேநீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார், கிண்ணம் வழிகிறது, முதலில் காலி செய்துகொண்டு வா என்கிறார். இந்தக் கதையைச் சொல்லாத இலக்கியக் கூட்டம் உண்டா? கிண்ணத்தைக் கழுவி வைத்தது யார், தண்ணீர் காய்ச்சியது யார், வழிந்ததைத் துடைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்கிறவன். 'இருப்பு' என்ற சொல்லுக்கு அங்கே ஒரு அர்த்தம், நம் பத்திரிகைகளில் வேறு அர்த்தம். ஆனால் பூஜ்ய இருப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைத் திறக்கவும் பெயர் வேண்டும், தகப்பனார் பெயர் வேண்டும், முகவரி வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், வாரிசு யார் என்று எழுத வேண்டும். இருப்பு பூஜ்யம்தான், படிவம் நாலு பக்கம். காலியாக வருகிறேன் என்று சொல்லுகிற மனிதனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிவம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சண்டைக் கலைகளிலேயே வெறுங்கைக்கு என்ன இடம் என்று பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் களரி. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி. நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது மரபுக் கணக்கு. வடக்கன் முறையில் பயிற்சி நான்கு கட்டங்களாகப் போகிறது. மெய்த்தாரியில் உடம்பு மட்டும்: கச்சை, எண்ணெய், வணக்கம், வரிசைகள். கோல்த்தாரியில் மரம்: நெடுங்கம்பு, மூன்று சாண் குறுந்தடி, யானைத் தந்தம்போல் வளைந்த ஒற்றை. அங்கத்தாரியில் இரும்பு: கத்தி, வாளும் பரிசையும், சுருள்வாள். நான்காவது, கடைசிக் கட்டத்தின் பெயர்தான் வெறுங்கை. மலையாளத்திலும் அதே சொல்தான்.

இந்த வரிசையை நம் சிநேகிதர்கள் கவனிக்க வேண்டும். மரத்தையும் இரும்பையும் வருஷக்கணக்கில் பிடித்துப் பழகிய பிறகு, எதிரே வருகிற வாள் எவ்வளவு தூரம் எட்டும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்று கைக்கே தெரிந்த பிறகுதான், அந்தக் கையைக் காலியாக விடுகிறார்கள். அந்தக் கை ஒரு நாள் காலியாக இருக்கலாம். அதற்குள் ஒரு ஆயுதக் கிடங்கே இருக்கிறது. ஆரம்பக்காரனின் வெறுங்கை வெறும் கை, அவ்வளவுதான். குமரிப் பக்கத்து அடிமுறையில் கையும் சுவடுமே முதல் பாடம், கம்பு பிறகு என்பது உண்மை. ஆகவே இதை ஒரு பொதுவிதியாக நான் நிறுவப் பார்க்கவில்லை. ஆனால் வெறுங்கை என்பது இயற்கையாகவே எல்லாருக்கும் முதலில் கிடைக்கிற நிலை, அதற்கு ஒரு பயிற்சியும் வேண்டாம் என்ற நம் நினைப்பை வடக்கன் களரி ஒன்றே உடைத்துவிடுகிறது.

இன்னும் சங்கடமான உதாரணம் கராத்தே. கராத்தே என்றால் வெறுங்கை என்று கோவையில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஒகினாவாத் தீவில் அந்தக் கலைக்கு வழங்கிய பெயரை எழுதிய எழுத்து வேறு: சீனத்து டாங் வம்சத்தைக் குறிக்கும் எழுத்து. சீனக் கை என்று பொருள். சீனாவிலிருந்து வந்ததை ஒப்புக்கொள்ளும் பெயர். அந்த எழுத்தையும், வெறுமையைக் குறிக்கும் எழுத்தையும் ஜப்பானியத்தில் ஒரே மாதிரி 'கரா' என்று வாசிக்கலாம். இந்த ஒலி ஒற்றுமை வழிவிட்டது. தனிப்பட்ட ஆசான்கள் சிலர் முன்பே வெறுங்கை என்று எழுதியதுண்டு. 1936 அக்டோபரில் நாஹா நகரில் கூடிய ஒகினாவா ஆசான்கள் அதையே பொதுப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். 1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்திருந்தது. 1937-ல் சீனாவோடு முழுப்போர். அந்தச் சூழலில் ஒரு ஜப்பானியக் கலை தன் பெயரில் சீனாவைச் சுமந்துகொண்டிருப்பது அசௌகரியம். ஃபுனாகோஷி இந்த மாற்றத்துக்குப் பௌத்த சூன்யத்தை வைத்து அழகான விளக்கம் தந்தார். அவர் சொன்னதில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரித்திரம் பார்க்கிறவனுக்கு, அந்தச் சூன்யத்தின் அடியில் அழிக்கப்பட்ட ஒரு நாட்டின் பெயர் தெரியத்தான் செய்யும். கை காலியானது எப்படி? யாரிடமிருந்து வாங்கினோம் என்பதை மறந்ததால்.

நாமும் இதில் குறைந்தவர்களில்லை. போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து சண்டைக்கலையை ஷாவோலினுக்குக் கொண்டுபோனார் என்பது இன்று தமிழன் எந்தப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் கூடவே எடுத்துப்போகிற சாமான். 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு அதன் கனம் இன்னும் கூடிவிட்டது. போதிதருமரை உடற்பயிற்சியோடு முடிச்சுப்போடுகிற சீன நூலோ பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பழைய பெயர்களில் பொய் முன்னுரைகள் தாங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். அவர் காலத்துக்கும் அதற்கும் இடையில் ஆயிரம் வருஷம். இந்தச் சாமானுக்குப் பட்டியலில் இடமில்லை. பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட்டும் இல்லை.

ஹெரிகலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் வட்டத்தில் அவர் புத்தகத்துக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. ஜெர்மன் தத்துவப் பேராசிரியர். 1924-லிருந்து 1929 வரை ஜப்பானில் செண்டாயில் வேலை பார்த்தார், ஆவா கென்ஸோவிடம் வில்வித்தை பயின்றார், 1948-ல் புத்தகம் எழுதினார். அம்பு தானாகவே விடுபட வேண்டும், எய்கிறவன் இல்லாமல் போக வேண்டும் என்ற சித்தாந்தம் உலகமெல்லாம் பரவியது அதன் வழியாகத்தான். யாமாதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் பின்னால் இதைத் துருவிப் பார்த்தார். இருட்டில் ஆசான் இரண்டு அம்புகளை எய்த அந்தப் புகழ்பெற்ற இரவில் மொழிபெயர்ப்பவர் உடன் இல்லை. ஆசான் பேசியதை ஹெரிகல் எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதே கேள்விக்குரியது. இதற்குமேல், மாணவப் பருவத்திலேயே ஞானநிலையில் ஈடுபாடு கொண்டவர் என்று ஹெரிகலே எழுதியிருக்கிறார். அவர் செண்டாய்க்கு வந்து இறங்கும்போதே பெட்டியில் எக்ஹார்ட் இருந்தார். தேடிவந்த வெறுமையைத் தானே கொண்டுவந்திருந்தார். ஊர் திரும்பி 1937-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 'நான்' கழன்று விழுந்துவிட்டது என்று நம்புகிற மனிதனின் காலியிடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதற்கு இதைவிடக் குரூரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வில்வித்தை அவரை நாஜி ஆக்கியது என்று யாரும் படித்துவிட வேண்டாம். வில்வித்தை அவரைத் தடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது. அதுவே போதுமான அளவு பயங்கரம்.

இவர்களோடு ஒப்பிட்டால் பாஷோ எவ்வளவு நேர்மையானவர். 1689-ல் வடக்கே நெடும்பயணம் கிளம்பியவர், வெறுங்கையோடுதான் போக நினைத்தேன் என்று ஆரம்பித்து, தோளை அழுத்திய சாமான்களைக் கணக்கெடுக்கிறார். இரவுக் குளிருக்குக் காகித உடுப்பு, குளித்தபின் உடுத்த ஒரு பருத்தி அங்கி, மழைக்கு மேலுடுப்பு, மையும் தூரிகையும். அதோடு, வழியனுப்பியவர்கள் கொடுத்த அன்பளிப்புகள்: வீசியெறிய மனசில்லாமல் தூக்கிக்கொண்டு நடந்தது. மகாகவி தன் மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறார். நம் ஊரில் ஒரு கவிஞன் தன் மூட்டையை இப்படி அவிழ்த்துக் காட்டிய சந்தர்ப்பம் எத்தனை?

நம் ஊரில் ஆண்பிள்ளையின் மூட்டையை அவன் கட்டுவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வெறுங்கையோடு போங்கள் என்று சொன்ன சிநேகிதரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். எந்த ஊர்க் கூட்டத்துக்கு வந்தாலும் அவர் பையில் வேளைவாரியாக மடித்த மாத்திரைப் பொட்டலங்களும் பருப்புப்பொடியும் இருக்கும். அது எப்படி உள்ளே வந்தது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழ் சினிமாவின் கதாநாயகனும் இதே வர்க்கம்தான். எதிரே பத்துப் பேர் கம்போடு நிற்கிறார்கள், இவன் வெறுங்கையோடு நிற்கிறான், கையை நீட்டுகிறான், சட்டகத்துக்கு வெளியிலிருந்து ஒரு கம்பு பறந்து வருகிறது. எறிந்த கை நமக்குத் தெரிவதேயில்லை. எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படமெடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் கோவை ராமநாதபுரத்துக்காரர், தேகப் பயிற்சிக்கூடம் நடத்தியவர். கம்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்காவது தெரிந்திருக்கும்.

அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் சகோதரர்களோடு சாம்புவன் என்று ஒருவன் வருகிறான். பறையர். கூடவே இருக்கிறான், கூடவே சண்டைபோடுகிறான். 1965-ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் இந்தக் கதையை முழுக்க ஒலிப்பதிவு செய்தார். கோயிலில் கும்பிடுகிறவர்கள், படுகளத்தில் விழுந்து எழுகிறவர்கள், எல்லோரும் அறிந்த பெயர்தான் சாம்புவன். ஆனால் வீரம் என்று பேச்சு வரும்போது வாயில் வருவது இரண்டு பெயர். மூன்றாவது பெயர், கேட்டால்தான் வரும்.

ஆகவே மூட்டை கட்டும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எனக்கு எவ்வளவு குறைவாகப் போதும்' என்பதாக இருக்க முடியாது. அது தன் மெலிவைக் கண்ணாடியில் பார்த்து ரசிக்கிற கேள்வி. நான் எடுத்துப் போகாததை யார் சுமக்கப் போகிறார்கள், நான் எடுத்துப் போவது யாரைக் காக்கும் என்பதுதான் கேள்வி.

இதில் நமக்கு வழிகாட்டக்கூடியவர்கள் துறவிகள் என்பது விசித்திரம். நம் கொங்கு நாட்டில் விஜயமங்கலமும் சீனாபுரமும் சமணம் தழைத்த ஊர்கள். திகம்பர முனி உடுதுணியைக்கூட விட்டவர். அவரிடமும் இரண்டு பொருள் இருக்கும்: மயிற்பீலி, கமண்டலம். பீலி எதற்கு? உட்காருமுன் எறும்பை விலக்க. பௌத்த பிக்குவுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் ஒன்று தண்ணீர் வடிகட்டும் துணி. தண்ணீரிலுள்ள சிற்றுயிர் வாய்க்குள் போய்ச் சாகாமலிருக்க. இன்னொன்று ஊசி, தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ள. எல்லாவற்றையும் துறந்த பிறகும் துறக்கக்கூடாதவை என்று இவர்கள் ஒதுக்கி வைத்தவற்றில் பீலியும் வடிகட்டியும் என்னிடமிருந்து பிறரைக் காப்பவை. ஊசி பிறர் கையை என்னிடமிருந்து விடுவிப்பது. துறவைப் பற்றிய நம் கவிதைகளில் ஓடு வருகிறது, கோவணம் வருகிறது, சாம்பல் வருகிறது. வடிகட்டி வந்து நான் பார்த்ததில்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு உருப்படிகளுக்குத் திரும்பினால், பெரும்பாலானவை சிரமமில்லாமல் தேறிவிடுகின்றன. மருந்தைக் கொண்டுபோகாதவன் நடுராத்திரியில் இன்னொருவனைப் பொள்ளாச்சிக்கு ஓட வைப்பான். துணிப்பட்டி, எண்ணெய், டார்ச் எல்லாம் அப்படியே. தொளதொளப்பான கால்சட்டை என்று ஏன் குறிப்பாகச் சொன்னார்கள் என்பது முதல் நாள் உட்கார்ந்து எழும்போது தெரிந்துவிடும்.

கம்பு தனி விஷயம். பைக்குள் போகாத ஒரே உருப்படி. ஃபோனில் விசாரித்தபோது வாத்தியார், "கம்பு உங்க ஒசரத்துக்கு இருக்கோணுமுங்க. அடுத்தவன் கம்பு ஆவாதுங்க" என்றார். கடையில் மூங்கிலைத் தரையில் ஊன்றி, தன் நெற்றியோடு சேர்த்து நிறுத்தி, அங்கே வெட்டச் சொல்ல வேண்டும். இப்படி உடம்பிலிருந்தே அளவெடுக்கிற உடைமைகள் நம்மிடம் எத்தனை மிச்சம்? சட்டையையே ரெடிமேடில் வாங்குகிறோம். அந்தக் கம்பை வைத்துக்கொண்டு கால்வரிசை போட்டு எதிராளியைச் சுற்றி வளைப்பதற்குச் சிலம்பத்தில் 'வீடு கட்டுதல்' என்று பெயர். வீட்டை விட்டுப் போகிறவனுக்கு அங்கே கற்றுத்தருவது வீடு கட்ட. இது தற்செயலான சொல்லாக இருக்கலாம். நான் அதை மேலே இழுக்க விரும்பவில்லை.

தட்டும் டம்ளரும்தான் என்னைச் சிக்கவைப்பவை. என் அளவுகோல்படி பார்த்தால் இவை முதலில் தேற வேண்டியவை: என் எச்சிலை இன்னொருவர் கழுவ வேண்டியதில்லை. 2020-க்குப் பிறகு சுகாதாரக் காரணமும் சேர்ந்துகொண்டது. ஆனால் பட்டியல் ஆகாயத்தில் எழுதப்படவில்லை, கொங்கு நாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சொந்த டம்ளர் என்ற இரண்டு சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் உண்டு. டீக்கடைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கொட்டாங்குச்சி. பிறகு தனி டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் இரட்டை டம்ளருக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தது இந்த நூற்றாண்டிலும்தான். காகிதக் கோப்பை வந்ததும் பிரச்னை தீர்ந்தது என்றார்கள். பல கடைகளில் ஒரு சாராருக்குக் காகிதம், இன்னொரு சாராருக்குக் கண்ணாடி என்று அது வேறு உருவத்தில் தொடர்ந்தது. பட்டியல் தயாரித்தவர் மனசில் இதெல்லாம் இருந்திருக்காது. அவர் பாத்திரம் கழுவ ஆள் இல்லையே என்று மட்டும் நினைத்திருப்பார். நினைக்காமலே வந்துவிடுகிறது என்பதுதான் விஷயம். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. அவரவர் தட்டு, அவரவர் டம்ளர். ஒதுக்கியும் ஆயிற்று, ஒதுக்கினோமா என்று கேட்கவும் வழியில்லாமல் ஆயிற்று.

இதைச் சொன்னால், சண்டை கற்கப் போகிற இடத்தில் டம்ளர் என்ன பெரிய விஷயம் என்பார்கள். சண்டை கற்கிற இடம் என்பதால்தான் பெரிய விஷயம். ஜோடிப் பயிற்சியில் எதிரே நிற்கிறவன் கம்பு என் பொட்டெலும்புக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து நிற்க வேண்டும். அது நிற்கும் என்று நம்பித்தான் நான் கண்ணை மூடாமல் நிற்கிறேன். அவன் எந்த ஊர், என்ன ஆள் என்று கம்புக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு மண்டையையே அவன் கையில் ஒப்படைத்துவிட்டு, எட்டரை மணிக்கு இட்லிக்கு உட்காரும்போது என் டம்ளர் தனி என்றால், இதில் எது பயிற்சி, எது பாவனை?

ஆக என் அளவுகோலும் பழுதற்றதல்ல. பிறருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பது ஒரு எல்லை வரைக்கும் அறம். அந்த எல்லைக்கு அப்பால் அதுவே தீட்டின் நாகரிகமான மறுபெயர். என் எச்சில் தட்டை ஒரு நாள் இன்னொருவன் கழுவவும், அவன் தட்டை மறுநாள் நான் கழுவவும் ஆன பாரத்தை நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டே ஆகவேண்டும். பிக்கு தன் ஊசியை வைத்துக்கொண்டார், சரி. ஆனால் சோற்றுக்கு எவர் வீட்டு வாசலிலும் ஓட்டை நீட்டினார். தனித்து நிற்கிறதையும் கைநீட்டுகிறதையும் அவர் எங்கே பிரித்தார் என்பது யோசிக்கத் தக்கது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இனிமேல் பட்டியல்கள் நீளும்: தலைக்கவசம், மார்புக்கவசம், சீருடை, சான்றிதழ் நகல். அதில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. மண்டை உடையாமலிருப்பது நல்லதுதான். சொந்த டம்ளர் என்ற வரியும் அதில் அப்படியே ஏறிவிடக்கூடாதே என்றுதான் தோன்றுகிறது.

பட்டியல் அனுப்பியவருக்கு எழுதியிருக்கிறேன். தட்டு, டம்ளரை முகாமே வாடகைப் பாத்திரக்கடையில் எடுக்கட்டும், ஆளுக்கு என்ன ஆகிறதோ கொடுத்துவிடுகிறோம், எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கட்டும், கழுவுவது முறைவைத்து, முதல் நாள் முறை எனக்கு என்று. நான்கு நாளாகிறது, பதில் இல்லை. கம்பு வாங்கியாகிவிட்டது. உக்கடத்திலிருந்து போகிற பஸ்ஸில் அதை எங்கே நிறுத்துவது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.